ஒரு கைப் பிடி

சர்க்கரை இருநூற்று முப்பத்தெட்டு.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா
சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்:
'தனியா நடந்தா நாலே நாள்ல விட்டுருவீங்க.
வீட்டம்மாவையும் கூட்டிக்கிடுங்க.'

முதல் நாள் வ.உ.சி. மைதானம்.
அறம்வளர்த்தாள் நடந்தாள்,
ரேஷன் கடையில் பாமாயில் தீரப்போகிறது என்று
யாரோ சொன்ன மாதிரி.
மூன்றாவது சுற்றில் என்னைத் தாண்டுகையில்
'வாறியளா, இருக்கியளா?' என்றாள்.
இருந்தேன்.
சிமெண்டு பெஞ்சில்,
சுக்குக் காப்பிக்காரன் பக்கத்தில்.

அப்புறம் வண்ணார்பேட்டையில் ஜிம், இரண்டாம் மாடி.
பெண்களுக்குப் பதினொன்று முதல் ஒன்று வரை,
ஆண்களுக்கு மற்ற நேரமெல்லாம்.
சேர்ந்து சேர்ந்தோம். சேர்ந்து போகவில்லை.

யோகாவுக்கு செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தோம்.
எனக்கு சவாசனம் மட்டும் வந்தது.
என் குறட்டையில்
அவளுக்கு அதுவும் வரவில்லை.

குறுக்குத்துறையில் நீச்சல் படிப்போமா என்றேன்.
'ஆத்துல விட்ட வேட்டி சேலையெல்லாம்
காலைச் சுத்தும். நான் வரல்ல.'

சித்திரை வெயிலில் ஒருநாள்
டேபிள் ஃபேன் தேடிப் பரணில் ஏறினேன்.
அவளோடு வந்த தகரப் பெட்டி.
உள்ளே ஒரு சிவப்பு ரப்பர் வளையம்,
வெடித்து, வெள்ளை பூத்து.
அடியில் பூச்சி தின்றது போக ஒரு சான்றிதழ்:
மாவட்ட அளவு, வளையப்பந்து, ஒற்றையர்,
தொண்ணூற்றாறு, இரண்டாம் இடம்.

'இது யாரு?'
'ஏன், நாந்தான்.'
'இத்தனை வருசமா சொல்லல்லியே?'
'பொண்ணு பாக்க வந்தப்ப
பாடத் தெரியுமான்னுதான கேட்டிய.'

பழைய வளையம் முதல் வீச்சிலேயே இரண்டானது.
டவுனில் போய்ப் புதுசு வாங்கினேன், நூற்றெண்பது ரூபாய்.
மொட்டை மாடியில் துணிக்கொடிதான் வலை.
நைட்டிக்கு மேல் என் பழைய யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு
அவள் சட்டம் சொன்னாள்:
'ஒத்தக் கையாலதான் பிடிக்கணும்.
நெஞ்சோட அணைக்கக் கூடாது.
கையில வச்சிக்கிட்டு யோசிக்கக் கூடாது,
வந்த வாக்குல விட்டுரணும்.
ஆட்டிப் போட்டா ஃபால்ட்டு.'

அணைத்தேன். யோசித்தேன். ஆட்டிப் போட்டேன்.
இருபத்தொன்று, இரண்டு.
அந்த இரண்டும்
கீழே குக்கர் விசிலை அவள் எண்ணியபோது எடுத்தவை.

தோசையைத் திருப்பிப் பழகிய மணிக்கட்டு
என்றுதான் இருந்தேன் நான்.
வளையத்திலிருந்துதான் அது
தோசைக்குப் போயிருக்கிறது.

பக்கத்து மாடியில் விழுந்தால்
மரியதங்கம் டீச்சர் எடுத்து வீசுவார்.
இப்போது சேர் போட்டு உட்கார்ந்து
புள்ளியும் எண்ணுகிறார்.
எனக்கு ஒன்று கூட்டிச் சொல்வதாக
அறம்வளர்த்தாளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பியதும்
வேறு ஆட்டம்.
கொடிக்கு வெளியே, வானத்தைப் பார்த்து எறிகிறாள்.
போச்சு என்று நான் நிற்க
காற்று அதைக் கொண்டுவந்து
என் பின்னால் வைத்துவிட்டுப் போகிறது.
நேற்று முதல்முறையாகப் பதினெட்டு எடுத்தேன்.
கடைசி வளையம் கோட்டில் விழுந்தது.
வெளியே என்கிறேன். உள்ளே என்கிறாள்.
டீச்சர் அப்போது பால்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்.

சொதி ஊற்றும்போதும் அதே பேச்சு.
இன்றைக்கு ரிசல்ட் வந்த விஷயம், நூற்றுத் தொண்ணூற்றாறு,
படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது.
'குறைஞ்சிருக்கு' என்றாள்,
'ஆனா அது உள்ளதான்.'

பத்தரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு
தடம் பார்க்க ஏறினோம்.
எங்கேயோ மலையில் பெய்தது
இங்கே நாலு தூறல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
தடம் இல்லை. சாக்பீஸ் கோடே இல்லை.
கொடியில் மறந்த துண்டு ஒன்று
நனைந்து ஆடிக்கொண்டிருந்தது.

'வெளிச்சத்தைச் சரியாப் பிடிங்க' என்று
குனிந்து கோடு போட ஆரம்பித்தாள்,
என் பக்கம்
ஓரடி கூட்டி.